சிகாமணி மாமாவின் குரல், இரண்டாவது வகை

“மனுஷங்களை நடுவுல வெச்சுத்தான் நாங்க ஒரு பொருளைப் பத்தியே யோசிப்போம், இல்லையா?” என்று நிரஞ்சனா அக்கா மேடையில் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஒவ்வொரு வாக்கியத்தையும் கடைசிப் படியில் ஒரு காலைத் தூக்கி நிறுத்தின மாதிரி முடிக்கிறாள், சென்னைக்காரி, எதையும் சொல்லவே மாட்டாள், எல்லாவற்றையும் கேட்பாள், காபி ஆறிடுச்சு இல்லையா, மழை வரும் இல்லையா, நான் ஓரத்துத் திரைக்குப் பின்னால் நின்று உதட்டை மட்டும் அசைத்து அவளோடு சேர்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன், இல்லையா, இல்லையா, ஒரு மூச்சுகூடப் பிசகவில்லை. அடுத்த நிகழ்ச்சி என்னுடைய மிமிக்ரி. அதற்கு முன்னால் சிகாமணி மாமா பேச வேண்டும். பேச வேண்டும் என்று சொல்வதே வேடிக்கை, மாமாவுக்குக் குரல்வளை கிடையாது, புற்று வந்து, போன வருஷம் எடுத்துவிட்டார்கள், இப்போது மேடை நடுவில் வெள்ளைச் சட்டையும் கழுத்து ஓட்டையை மறைக்கிற வெள்ளைத் துணியுமாக உட்கார்ந்திருக்கிறார், மடியில் டப்பா. டப்பா என்பது நான் வைத்த பெயர், அதைச் செய்த நிரஞ்சனா அக்காவின் கம்பெனிக்காரர்கள் வாயில் நுழையாத ஏதோ ஒன்றை வைத்திருக்கிறார்கள், தமிழில் தட்டினால் அது பேசும், யாரோ ஒருத்தர் குரலில் இல்லை, அவரவர் பழைய குரலிலேயே பேசும், அதுதான் விசேஷம், அதற்குத்தான் இந்தக் கல்லூரி அரங்கம், கேமரா, முன்வரிசையில் எங்கள் காலனி மொத்தமும். மாமாவின் பழைய குரல் என்று அவர்கள் சொல்வது என் தொண்டையிலிருந்து எடுத்தது. அதை மாமா இன்னும் கேட்கவில்லை. இங்கேதான், இத்தனை பேர் முன்னால்தான், முதல்தடவை கேட்கப்போகிறார். அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சிரிப்பு வயிற்றில் குமிழ் விடுகிறது, பல்லைக் கடித்து வைத்திருக்கிறேன், கடித்த பல்லுக்குப் பின்னால் வேறொன்றும் இருக்கிறது, அது சிரிப்பில்லை, அதை இப்போது பார்க்க வேண்டாம்.

குரல் என்றால் உயரம் தாழ்வு என்று நினைக்கிறார்கள், பொம்பளப் புள்ளைக்கு எப்படி இந்த ஆம்பளத் தொண்டை என்று தமிழ் டீச்சர் கன்னத்தில் கை வைத்தாள், அவளுக்கு என்ன தெரியும், ஒருத்தர் மூச்சு எங்கே தீர்ந்துபோகிறது என்று பிடித்துவிட்டால் போதும், மீதியைக் கேட்கிறவன் காதே செய்துவிடும். சிகாமணி மாமாவுக்கு மூச்சு எப்போதும் வாக்கியத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே தீர்ந்துவிடும், தீர்ந்த பிறகும் விடமாட்டார், காலி டியூபில் பற்பசையைப் பிதுக்குகிற மாதிரி கடைசி வார்த்தையைப் பிதுக்குவார். தெய்வசிகாமணி, காலனி நலச்சங்கச் செயலாளர், மில்லில் மேஸ்திரியாக இருந்தவர், தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகின தொண்டை, ரிட்டயர் ஆன பிறகு அதை என்ன செய்வது, சங்கத்து மைக்கில் கொட்டினார். “எல்லாருக்கும் வணக்கமுங்க, குப்பையப் பிரிச்சுப் போடோணுமுங்க, ராத்திரியில மோட்டாரைப் போட்டுட்டுத் தூங்கிப் போயிராதீங்க.” நான் ஒன்பதாவது படிக்கும்போது அவர் குரலில் வீடு வீடாகப் போன் பண்ணினேன். “சிகாமணி பேசறனுங், நாளைக்குத் தண்ணி வராதுங், இன்னைக்கே புடிச்சு வெச்சுக்கோங்.” அண்டா, குண்டா, குழந்தை குளிக்கிற தொட்டி, ஒருத்தர் வீட்டில் மீன்தொட்டி வரைக்கும் நிரப்பி வைத்தார்கள், மறுநாள் வழக்கம்போலத் தண்ணீர் வந்தது, மாமா தெருவில் நின்று நான் இல்லீங் நான் இல்லீங் என்று சத்தியம் பண்ணுகிறார், பண்ணுகிற குரலே அந்தக் குரல்தானே, யார் நம்புவார்கள். நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். “அம்மிணி, இது உன்ற வேலதானே?” நான் அவர் குரலிலேயே, “எனக்கொண்ணும் தெரியாதுங்” என்றேன். அப்பா தும்முகிற மாதிரி சிரித்தார், அப்பாவுக்குச் சிரிப்பு அப்படித்தான் ஆரம்பிக்கும். மாமா வாயைத் திறந்தார், மூடினார். தன்னிடமே எப்படிச் சண்டை போடுவது என்று தெரியாமல் நின்ற அந்த முகம், அதற்கப்புறம் எத்தனை பேர் குரலை எடுத்திருக்கிறேன், பிரின்சிபால், பால்காரர், அம்மாவின் அம்மன் கோவில் தோழிகள், அந்த மாதிரி முகம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

அதிலிருந்து காலனியில் எந்த விசேஷம் என்றாலும், பொங்கலா, சுதந்திர தினமா, பக்கத்து வீட்டுப் பையன் பிறந்தநாளா, “மௌனி, மாமா மாதிரி பேசு” என்பார்கள். என் பெயர் மௌனிகா, இதை வைத்து எல்லாரும் ஒருதடவை சிரித்து முடித்துவிட்டார்கள். பேசப் பேச ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உப்பு சேர்ப்பேன், பிதுக்கலை நீட்டுவேன், நடுவில் ஒரு காறல், ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு முடிவு, எங்கே சிரிக்கிறார்களோ அங்கே இன்னும் கொஞ்சம், கூட்டம்தான் சமையல்காரன், நான் வெறும் கரண்டி. கடைசியில் நான் பேசுவது மாமா மாதிரியே இருக்காது, ஆனால் மாமாவைவிட மாமாவாக இருக்கும். மாமா மைக்கைப் பிடித்தால் சின்னப் பிள்ளைகள், “மௌனியக்கா அளவுக்கு இல்ல” என்று கத்தும். பிறகு அவருக்குத் தொண்டை கம்மியது, நான் அந்தக் கம்மலையும் எடுத்தேன், நல்ல கைதட்டல், அது என்ன கம்மல் என்று அப்போது யாருக்குத் தெரியும். ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு கழுத்து ஓட்டையில் காற்று போகிற சீறலை டியூஷனில் செய்துகாட்டினேன், யாரும் சிரிக்கவில்லை, ஒருத்தி மட்டும் சிரித்தாள், அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது, அவளைப் பார்த்தே இரண்டாவது தடவையும் செய்தேன்.

நிரஞ்சனா அக்காவின் கம்பெனிக்காரர்கள் வழக்கமாக ஆபரேஷனுக்கு முன்னாலேயே நோயாளியைப் பேசவைத்துப் பதிந்துகொள்வார்கள், அந்தப் பதிவை வைத்துக் குரல் செய்வார்கள், மாமா விஷயத்தில் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தார்கள். பழைய பதிவு ஏதாவது இருக்கா என்று கேட்டால் ஒன்றுமில்லை. கல்யாண வீடியோவில் நாதஸ்வரம் மட்டும்தான். சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் தேடினால், அங்கே வாய்ஸ் மெசேஜ் போடவே கூடாது, போட்டால் வெளியேற்றப்படுவீர்கள் என்று சட்டம், சட்டம் போட்டவர் செயலாளர் தெய்வசிகாமணி. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போதுதான் யாரோ என்னைக் கைகாட்டினார்கள், மாமா குரல் வேணுமா, அது இந்தப் புள்ளகிட்ட இருக்குதுங்க. பழகுவதற்காக டப்பாவில் ஒரு பெண்குரலை வைத்துக் கொடுத்திருந்தார்கள், ரயில்நிலைய அறிவிப்புப் பெண் மாதிரி, அதுவரைக்கும் மாமா அதில்தான் பால்காரரிடம் பேசினார், “நாளைக்கு அரை லிட்டர் சேர்த்து ஊற்றவும்”, மூன்றாவது நடைமேடையில் பால் வருகிறது என்பதுபோல, நான் மொட்டைமாடியில் உட்கார்ந்து அதையும் எடுத்தேன்.

மேடையில் மாட்டின வீடியோத் திரையில் இரண்டு சதுரங்களில் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் முகங்கள் இருக்கின்றன, ஜெர்மனியில் ஹாம்பர்க்கிலிருந்து ஊட்டே, பிரேசிலிலிருந்து தியாகோ. ஊட்டேதான் எதையும் தீர்மானிக்கிறவள், கேள்வி கேட்டால் முதலில் மூக்கு வழியாக ஒரு மூச்சு, பிறகு ஒரு இடைவெளி, அந்த இடைவெளியில் ஒரு டவுன்பஸ் திரும்பிவிடலாம், பிறகு “இல்லை.” தியாகோதான் குரலைச் சமைக்கிறவன், ஓகே ஓகே ஓகே, அவன் பின்னால் ஒரு நாய், அந்த நாயும் எனக்கு வரும். என்னை ஸ்டுடியோவில் உட்காரவைத்து இரண்டு வகையாகப் பதியச் சொன்னார்கள், ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு வேண்டுமாம், அது அவர்கள் வேலை செய்கிற முறை. முதல் வகையை நிஜமாகவே செய்தேன், கண்ணை மூடி, மைக்குக்கு முந்தின மாமாவைத் தேடி, பிதுக்கல் உண்டு ஆனால் அது வெட்கப்படுகிற பிதுக்கல், காறல் கிடையாது, நடுவில் அவர் மில் பாஷையில் ஒரு மென்மை, எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை, முடித்துவிட்டு வெளியே வந்தபோது முதுகு நனைந்திருந்தது. இரண்டாவது நாள் அலுப்பாக இருந்தது. மேடையில் செய்கிறதைச் செய்தேன், ஆட்டுக்குட்டி, காறல், எல்லாமும். தமிழில் ஒரு வார்த்தை தெரியாத தியாகோ வீடியோவில் கேட்டுக்கொண்டிருந்து சரியான இடத்தில் சிரித்தான். அப்படிச் சிரித்தால் நான் என்ன செய்வேன், இன்னும் போட்டேன்.

எது என்று தீர்மானிக்கக் காலனிக்காரர்களைச் சங்கக் கட்டடத்தில் உட்காரவைத்து இரண்டையும் போட்டுக்காட்டினார்கள். மயிலாத்தாள் அத்தையை, மாமாவின் சம்சாரத்தை, கூப்பிடவில்லை, மேடையில் முதல்தடவை கேட்கும்போது அவள் முகம் புதிதாக இருக்க வேண்டுமாம், கேமராவுக்கு. மாமாவையும் கூப்பிடவில்லை. “அவருக்குப் போட்டுக் காட்டணும், இல்லையா?” என்று நிரஞ்சனா அக்காவே கேட்டாள், நான் பக்கத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன், லேப்டாப்புக்குள்ளிருந்து ஊட்டே மூக்கு வழியாக மூச்சு விட்டாள், பஸ் திரும்பியது, பதிவு பண்ணின தன் குரல் யாருக்குமே பிடிக்காது, குரலின் சொந்தக்காரர்தான் இருப்பதிலேயே மோசமான நீதிபதி, கேட்கிறவர்களைக் கேளுங்கள் என்றாள். கேட்டார்கள். முதல் வகை ஓடும்போது எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். “இதாருங்க?” என்றார் வாட்ச்மேன். இரண்டாவது வகை ஓடியது, அவ்வளவுதான், கட்டடமே அதிர்ந்தது, “அட மாமாங்க! மாமாவேதானுங்க!” ஒரு கைகூட மிச்சமில்லாமல் எல்லாக் கையும் மேலே எழுந்தன. ஊட்டே சந்தோஷப்பட்டாள், இவ்வளவு தெளிவான முடிவை அவள் பார்த்ததே இல்லையாம். என் நகல் அசலைத் தோற்கடித்துவிட்டது, அதுவும் அசல் மூன்று தெரு தள்ளிக் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது. அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அக்கா, ரெண்டாவது கேலிக்குப் பண்ணினது, ஏழெட்டு வார்த்தைகூட இல்லை, வாயில் பஜ்ஜி இருந்தது, பஜ்ஜி தீர்ந்த பிறகு வாயில் சிரிப்பு இருந்தது.

இப்போது நிரஞ்சனா அக்கா மாமாவின் கதையைச் சொல்கிறாள், முதல் சந்திப்பில் அவரைக் கேட்டாளாம், குரல் கிடைத்ததும் முதலில் என்ன பேச ஆசைப்படுகிறீர்கள் என்று, அவர் சிலேட்டில் எழுதிக் காட்டினாராம், என் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அரங்கம் ஓ என்கிறது. அத்தை முன்வரிசையில் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொள்கிறாள். மயிலு. அதை நான் ஒரே ஒருதடவை கேட்டிருக்கிறேன், மதில் மேல் ஏறிக் கொய்யா பறிக்கும்போது, உள்ளேயிருந்து அவர், “மயிலு”, மைக் குரலே இல்லை அது, பிதுக்கலே இல்லை, மூச்சு தீரவே இல்லை, மீதி மூச்சு அப்படியே நின்றது, யாருக்கோ வைத்துவிட்டது மாதிரி. கொய்யாவை விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். முதல் வகையில் அதை வைத்தேன், அதனால்தான் முதுகு நனைந்தது. இரண்டாவது வகையில் அதே பெயர் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும், நான்தானே சொன்னேன். எச்சில் விழுங்குகிறேன், விழுங்கும்போது தொண்டையில் ஒரு சின்ன உருண்டை ஏறி இறங்குகிறது, இது எல்லாருக்கும் உண்டுதானே, மறுபடி விழுங்குகிறேன், மறுபடி ஏறுகிறது, மாமாவுக்கும் முதலில் இப்படித்தான் இருந்ததாம், ஏதோ மீன்முள் மாதிரி என்று அப்பாவிடம் சொன்னார், இல்லை, இது பயத்துக்கு வருகிறது, பயத்துக்குக் கட்டியா வரும், அம்மா சொல்வாள், “எந்நேரமும் ஊரான் குரலு, உன்ற குரல்ல ஒரு வாட்டி பேசு சாமி”, பேசு என்றால் எதை எடுத்துப் பேச, அலமாரியைத் திறந்தால் எல்லாம் ஊரான் சட்டை. போய்ச் சொல்லிவிடலாம். இப்போதே. நாலு எட்டு வைத்தால் நிரஞ்சனா அக்கா காது. அக்கா, மாத்துங்க, முதல் வகையைப் போடுங்க. தியாகோ அங்கே உட்கார்ந்துதானே இருக்கிறான், ஓகே ஓகே ஓகே, ஒரு பொத்தான். கால் போகவில்லை. காலைக் குறை சொல்லக் கூடாது, காலுக்கும் அந்த முகம் பார்க்க ஆசை, அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் வாயைத் திறந்து மூடின முகம், அதைவிடப் பெரிசாக, விளக்கு வெளிச்சத்தில்.

“மாமா, இப்ப நீங்க பேசலாம், இல்லையா?” மாமா தட்டுகிறார். தறியில் நூல் கோத்த விரல், தடித்த விரல், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, தப்பாகத் தட்டி, அழித்து, மறுபடி. அவர் நிமிர்ந்து அத்தையைப் பார்க்கிறார், அவளை மட்டும், கல்யாணத்தன்றைக்கு இப்படித்தான் பார்த்திருப்பார், பார்த்துக்கொண்டே பொத்தானை அமுக்குகிறார். “க்ர்ர்ஹ்ம். மயிலேஏஏய்ங்ங்.” நாலு ஸ்பீக்கரிலிருந்தும் ஆட்டுக்குட்டி. முதல் சிரிப்பு அப்பாவுடையது, தும்மல், அதற்குப் பின்னால் காலனி, காலனிக்குப் பின்னால் தெரியாதவர்கள், கல்லூரிப் பையன்கள், கேமராக்காரர் தோள் குலுங்குகிறது. அத்தை சிரிக்கவில்லை. யார் கூப்பிட்டது என்று ஸ்பீக்கரைப் பார்க்கிறாள், பிறகு மாமாவைப் பார்க்கிறாள், இத்தனை பேர் முன்னால இவரு எதுக்கு விளையாடறாரு என்கிற மாதிரி ஒரு பார்வை. மாமா டப்பாவைப் பார்க்கிறார். ஏதோ தப்பாகத் தட்டிவிட்டோம் என்று நினைக்கிறார், பாவம், இன்னும் அதிகக் கவனமாக அமுக்குகிறார். “க்ர்ர்ஹ்ம். மயிலேஏஏய்ங்ங்.” இப்போது விசில். திரையில் தியாகோ இரண்டு நொடி தாமதமாகச் சிரிக்கிறான், சரியான இடத்துக்கு. ஊட்டே கைதட்டுகிறாள். “எவ்ளோ உயிரோட்டமா இருக்கு, இல்லையா?” என்கிறாள் நிரஞ்சனா அக்கா, அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். மாமா டப்பாவை எடுத்து நாற்காலிக்கு அடியில் வைக்கிறார், சின்னக் குழந்தையை இறக்கி விடுகிற மாதிரி மெதுவாக, எழுந்து நிற்கிறார், வாயைத் திறக்கிறார்.

சத்தம் இல்லை. கழுத்துத் துணி மட்டும் உள்ளே போய் வெளியே வருகிறது. உதடு அசைகிறது, வேகமாக, அத்தையைப் பார்த்து. சிரிப்பு அங்கங்கே அணைகிறது, ஒருத்தர் இருமுகிறார். நிரஞ்சனா அக்கா மேடையோரம் ஓடி வந்து என் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குள் இழுக்கிறாள், “மௌனி, மாமா ஏதோ சொல்றார், உனக்குத்தான் புரியும், நீதானே அவர் குரலு, சொல்லு, எல்லாருக்கும் சொல்லு,” மிமிக்ரிக்காக என் காதோரம் மாட்டியிருந்த மைக்குக்கு எங்கேயோ யாரோ உயிர் கொடுத்துவிட்டார்கள், என் மூச்சே நாலு ஸ்பீக்கரிலும் வருகிறது. எனக்குப் புரிகிறது. வருஷக்கணக்காக அந்த வாயையே பார்த்தவள், எழுத்து எழுத்தாகப் புரிகிறது. இது நான் இல்ல மயிலு. அந்தப் புள்ள என்னையக் கேலி பண்றா. நிறுத்தச் சொல்லு. அவர் என்னைப் பார்க்கவே இல்லை, மறுபடியும் அதையே சொல்கிறார், நிறுத்தச் சொல்லு, நிறுத்தச் சொல்லு. எத்தனை தலை, எத்தனை கண், எல்லாம் என் வாய் மேல். அரங்கம் அமைதியானால் எனக்கு அது பள்ளம், விழுந்துவிடுவேன், எதையாவது போட்டு மூட வேண்டும், பொய் சொல்லலாம் என்று யோசித்துச் சொல்லவில்லை, யோசிக்க நேரம் எங்கே, கைதட்டல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் நாக்கு தானாகத் திரும்பும், அது அப்படித்தான் வளர்ந்திருக்கிறது.

“மயிலு,” என்றேன்.

மதிலுக்கு அந்தப் பக்கத்துக் குரல். முதல் வகை. ஸ்டுடியோவில்கூட இவ்வளவு சுத்தமாக வரவில்லை, மீதி மூச்சு நின்றது. “மயிலு, நான்தான். இதேதான் என்ற குரலு. திரும்பக் கெடைச்சிருச்சு, பாரு. எல்லாருக்கும் ரொம்பச் சந்தோசமுங்க.”

மாமாவின் வாய் பாதியில் நின்றது. முன்வரிசையில் அத்தை எழுந்துவிட்டாள், நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, முந்தானை கீழே கிடந்தது, “அவருங்க,” என்று பக்கத்திலிருந்தவளின் தோளைப் பிடித்து உலுக்கினாள், “அய்யோ, அவரேதானுங்க, எங்கூட்டுல கூப்புடற குரலுங்க இது,” அழுதாள், அழுதுகொண்டே மேடையைப் பார்த்துக் கும்பிட்டாள், அவரைப் பார்த்துக் கும்பிட்டாளா என்னையா என்று தெரியவில்லை. அவள் ஒருத்திக்குத்தான் வித்தியாசம் தெரிந்தது, தெரிந்தவளும் இதை அவர் குரல் என்றே எடுத்துக்கொண்டாள். பிறகு வந்தது கைதட்டல், என் ஜென்மத்தில் கேட்டிராத கைதட்டல், நின்றுகொண்டு தட்டினார்கள், ஹாம்பர்க் தட்டியது, கொஞ்சம் தாமதித்து பிரேசில் தட்டியது, பாதத்திலிருந்து ஏறி என் உச்சி மயிர் வரை சிலிர்த்தது. மாமா மெதுவாக அத்தையிடமிருந்து முகத்தைத் திருப்பினார். நான் ஆசைப்பட்ட முகம்தான். வெளிச்சம் நன்றாக விழுந்தது. தலையை இல்லை என்று ஆட்டினார், கையை ஆட்டினார், அரங்கத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வாயை அகலத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, துணி படபடக்க, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்தி மறுபடியும் சொல்ல ஆரம்பித்தார். கைதட்டல் சட்டென்று அடங்கியது. அவர் இன்னும் ஏதோ பேசுகிறார், கேட்கலாம் என்று அத்தனை பேரும், அத்தையும், அவரை விட்டுவிட்டு ஆசையோடு என் பக்கம் திரும்பினார்கள்.